சாம்பல்புல்லின் உறக்கம்

சாம்பல்புல்லுக்கு உறக்கம் அதிகம். மற்றப் புற்களெல்லாம் முதல் தூறலிலேயே கண்விழித்துத் தலைநீட்டும்போது, இது மட்டும் மண்ணுக்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருக்கும். அதை எழுப்பக் காட்டுத்தீ வர வேண்டும். மேலே தீ ஓடி, மண் சுட்டு, புகை உள்ளே இறங்கி, அதன் பிறகு ஒரு மழையும் பெய்தால்தான் அதற்குப் பொழுது விடியும். அப்படி விழித்த புல் இடுப்புயரம் வளரும். பிற புற்கள் கருகிக் கிடக்கும் கோடையிலும் மாட்டுக்கு ஒரு வாய் மிச்சம் வைத்திருக்கும்.

கிளுவங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் இந்த ஏற்பாடு யார் காவலும் இல்லாமல் நெடுங்காலம் ஒழுங்காக நடந்து வந்தது. பிறகு பெருந்தீ வந்தது. ஒரு மலையையும் மூன்று ஊர்களையும் ஒரே வாரத்தில் விழுங்கிய அந்தத் தீக்குப் பின், அரசாங்கம் மேற்கு மாவட்டங்கள் முழுவதையும் தீயில்லா மண்டலம் என்று அறிவித்தது. ஒவ்வொரு கரட்டுக் குன்றின் உச்சியிலும் ஒரு கோபுரம் எழுந்தது. ஒவ்வொரு கோபுரத்திலும் உறங்காத ஓர் இயந்திரக் கண் அமர்ந்தது. எங்காவது ஒரு தீக்குச்சி உரசப்பட்டால், அது விரலைச் சுடுவதற்குள் பறக்கும் தொட்டிகள் வந்து, உரசியவரையும் சேர்த்து நனைத்துவிட்டுப் போகும். பொங்கல் மின்னடுப்பில் பொங்கியது. கல்யாணப் பந்தலில் அக்கினிக்குப் பதிலாக ஒரு திரையில் சுடர் ஆடியது. கிளுவங்காட்டு மக்கள் தங்கள் கரட்டுக் கோபுரத்தைக் காவக்காரர் என்று அழைத்தார்கள். அது நல்ல தமிழில் பேசும். ஆனால் எதைக் கேட்டாலும் ‘அனுமதி இல்லை’ என்பதைத்தான் பேசும்.

முப்பது ஆண்டுகளாக மேய்ச்சல் நிலத்தில் ஒரு பொறி விழவில்லை. சாம்பல்புல்லும் எழவில்லை. அதன் இடத்தில் உண்ணிச்செடியும் வேலிக்காத்தானும் வந்து உட்கார்ந்தன.

அந்த உறக்கத்தைக் கலைக்க வந்தவர் மிக்கேல் பர்னாந்து. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து, வீட்டார் அனைவரும் மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் புல்லைப் பற்றிப் படித்தவர். தீயே இல்லாமல், தீ வந்து போய்விட்டதாக விதையை நம்பவைக்கலாம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. புகையில் கலந்திருக்கும் எத்தனையோ பொருள்களுள் மிகச் சிலவே விதையிடம் போய் ‘எழுந்திரு’ என்று சொல்கின்றன. அவர் அவற்றைப் பிரித்தெடுத்து நீரில் கரைத்தார். புகைச்சாறு என்று பெயரிட்டார். ஏக்கருக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

இருபத்தேழு வயதில் அவர் கிளுவங்காட்டில் ஒரு தரிசு மீட்பு நிலையத்தைத் தொடங்கியபோது, விதை பிரிக்கும் வேலைக்குச் செல்லாத்தாள் சேர்ந்தாள். வேலை கடினமானதன்று. தட்டுகளில் ஈரத்துணி விரித்து, விதைகளைப் பரப்பி, புகைச்சாறு தெளித்துப் பத்து நாள் காத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் முளைவிட்டிருப்பவை கெட்டிக்கார விதைகள். அவற்றை நாற்றங்காலுக்கு அனுப்பிப் பெருக்க வேண்டும். முளைக்காதவற்றை மின்சூளையில் கொட்டிப் பொசுக்கிவிட்டு, பதிவேட்டில் ‘அழிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு இப்படிக் கெட்டிக்காரர்களை மட்டுமே பெருக்கினால், கூப்பிட்ட குரலுக்கு ஒரே நாளில் எழுந்து நிற்கும் புல்லினம் ஒன்று உருவாகிவிடும் என்பது மிக்கேலின் திட்டம்.

செல்லாத்தாள் பதினோர் ஆண்டுகள் அந்தக் கையெழுத்தைப் போட்டாள். ஒரு நாள்கூட விதையைச் சூளையில் கொட்டவில்லை.

விதையை நெருப்பில் போட அவளுக்குக் கை வராது. அந்த ஊரில் யாருக்குமே வராது. சொத்தை விதையாக இருந்தாலும், எறும்பாவது தின்னட்டும் என்று வேலியோரம் கொட்டிவிட்டு வருவார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் மாலையில், முளைக்காத விதைகளைத் தன் சோற்றுத் தூக்குப்போசியில் நிரப்பிக்கொண்டு, வீட்டுக்குப் போகிற வழியில் கணவனுடைய மேய்ச்சல் காட்டின் மேற்கு வேலியடியில் தூவிவிட்டுப் போவாள். இதை ஒரு குற்றமாக அவள் நினைக்கவில்லை. சொல்லிக்கொள்ள வேண்டிய நற்செயலாகவும் நினைக்கவில்லை.

அந்த வேலி கிளுவை வேலி. கொம்பை ஒடித்து நட்டாலே உயிர்பிடிக்கிற முள்மரம் அது. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பாம்பு நுழையவும் யோசிக்கும்படி வளர்ந்திருந்தது. அவளுடைய கணவன் அவிநாசியப்பன் பிறந்த வாரத்தில் அவனுடைய தகப்பனார் நட்டது. வேலிக்கும் அவனுக்கும் ஒரே வயது. எங்காவது ஓர் இடைவெளி விழுந்தால் ஆடி மாதம் புதுக் கொம்பு நட்டு, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். வீட்டில் பேசுவதைவிட அங்கே பேசுவது அதிகம் என்று செல்லாத்தாளுக்குக் குறை.

“அதுக்கே ஒரு தாலியக் கட்டியிருக்கலாமுங்” என்பாள்.

“அது என்ற கூடப்பொறந்ததாயா. முறை வராது” என்பான் அவிநாசி, சிறிதும் சிரிக்காமல்.

பத்து ஆண்டுகள் எல்லாம் நன்றாகவே நடந்தன. புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் புகைச்சாறு தெளிப்பார்கள். நான்காம் நாள் காடு முழுவதும் ஒரே உயரத்தில், சீவி விட்ட தலைபோலப் பச்சை எழும்பும். வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்துப் போனார்கள். பிறந்த கன்றுகளில் இரண்டுக்கு மிக்கேல் என்று பெயர் வைத்தார்கள். அதில் ஒன்று கிடேரி என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

பதினோராம் ஆண்டும் புரட்டாசியில் மழை விழுந்தது. நான்காம் நாள் பச்சை எழும்பியது. அதன் பிறகு நாற்பத்தொரு நாள் வானம் ஒரு சொட்டும் விடவில்லை. ஒரே குரலுக்கு எழக் கற்றுக்கொண்டவை, ஒரே வெயிலில் ஒன்றுபோல மடிந்தன. ஐப்பசி மேகத்தை நம்பி, இருப்பு விதை முழுவதையும் இரண்டாம் முறை தூவினார் மிக்கேல். மேகம் கூடி நின்றது, இடித்தது, கடலைப் பார்த்துப் போய்விட்டது. விதைகள் மட்டும் சொன்ன நாளில் எழுந்து, சொன்ன நாளில் கருகின. மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது அதற்குள் உறங்கிக்கொண்டிருக்கும் விதை என்று ஒன்றுகூட இல்லை. உறங்கத் தெரிந்தவற்றை எல்லாம் அவர்தான் பத்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கழித்துக்கட்டி விட்டாரே.

மார்கழியில் மந்தை வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. மேய்ச்சல் அற்ற ஊர்களின் மாடுகள் வரும் ஆடி மாதம் கடற்கரைக் கூண்டுப் பண்ணைகளுக்கு மாற்றப்படும் என்றும், அதற்குள் ஓர் ஏக்கர் அளவாவது சாம்பல்புல் உயிரோடு நிற்குமானால் மட்டும் முடிவு தள்ளிவைக்கப்படும் என்றும் அது தெரிவித்தது. கூண்டுப் பண்ணை என்றால் என்னவென்று அவிநாசிக்குத் தெரியும். மாட்டுக்கு நிற்க இடம் உண்டு, திரும்ப இடம் கிடையாது. கடிதத்தை இரண்டு முறை படித்தான். பிறகு பகலிலேயே ஒன்பது மாடுகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டினான். சந்தைக்குக் கூட்டிப்போகிற மாட்டைத்தான் அப்படிக் குளிப்பாட்டுவது வழக்கம். செல்லாத்தாள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நிலையத்தில் மிக்கேலும் சரியாக இல்லை. ஊரிலிருந்து அவருடைய அம்மா அனுப்பிய கருவாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் மேசையில் பத்து நாளாகக் கிடந்தது. அந்தப் பொட்டலத்தைப் பார்த்த பிறகுதான் செல்லாத்தாள் ஒரு முடிவுக்கு வந்தாள். கருவாட்டை மறந்த தூத்துக்குடிக்காரரை அப்படியே விட்டுவைப்பது பாவம் என்று பட்டது.

“சார், அந்தச் சூளையைக் கொஞ்சம் தொறந்து பாருங்” என்றாள்.

மிக்கேல் திறந்தார். உள்ளே வெளேரென்று இருந்தது. தொழிற்சாலையில் ஒட்டிய பாதுகாப்புத் தாள்கூட உரிக்கப்படவில்லை.

“என்னக்கா இது? புதுசு மாதிரில்லா இருக்கு.”

“பதினோரு வருசமா அது புதுசுதானுங்.”

அவர் சூளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த பதிவேட்டைப் பார்த்தார். “அப்ப அந்த வெதையெல்லாம்?”

“எங்க காட்டு மேக்கு வேலியடியில கெடக்குதுங். வெதைய நெருப்புல போடச் சொன்னீங். எனக்குக் கை வரல. சொன்னா வைவீங்கன்னு சொல்லல. இப்ப வையறதுன்னா வைஞ்சுக்கங்.”

மிக்கேல் வையவில்லை. அவளிடமிருந்து அந்தத் தூக்குப்போசியையே வாங்கிக்கொண்டு, செருப்பை மறந்து, வெறுங்காலோடு வேலியை நோக்கி நடந்தார்.

வேலியடி மண்ணில் அவை இருந்தன. எறும்புகள் தின்றது போக, மழை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் முப்பது நாற்பது அடி தூரம் பரப்பி வைத்திருந்தது. பதினோர் ஆண்டுகளின் சோம்பேறிகள், இரும்புத் துகள்போலக் கறுத்து, உயிரோடு. மிக்கேல் ஒரு கூடை மண்ணைக் கொண்டுபோய்ப் புகைச்சாறு தெளித்தார். ஒன்றும் அசையவில்லை. மின்னடுப்பில் சிறிது சூடு காட்டினார், அசையவில்லை. இன்னும் சற்றுச் சூடேற்றினார். ஒரு தட்டு முழுவதும் ஒரே நாளில் முளைத்தது. அடுத்த தட்டு முழுவதும் வெந்துபோயிற்று. தை மாதம் இப்படிக் கழிந்தது. மாத முடிவில் அவர் செல்லாத்தாளை எதிரே உட்காரவைத்துப் பேசினார்.

“இவனுகளுக்குத் தோல் ரொம்பத் தடிப்புக்கா. நான் காதுல கத்துனா கேக்காது. மொதல்ல சூட்டுல தோல் வெடிக்கணும். அதுக்கப்புறந்தான் புகை சொல்லுறது உள்ள போவும்.”

“அதான் அடுப்புல வெடிச்சுதுங்களே.”

“அடுப்பு எல்லாத்துக்கும் ஒரே சூடு வைக்கி. ஒண்ணு அம்புட்டும் முழிக்கும், இல்லன்னா அம்புட்டும் வேவும். பதினோரு வருசமா நான் செஞ்ச தப்பே அதான?” அவர் ஒரு விதையை உள்ளங்கையில் உருட்டினார். “தீ அப்படி இல்ல. அது ஆளுக்கு ஒரு சூடு வைக்கும். கொழுந்து விட்டு எரிஞ்ச எடத்துல ஒண்ணு, ஓடித் தாண்டுன எடத்துல ஒண்ணு, கல்லுக்கு அடியில ஒண்ணு. கொஞ்சம் சாவும். கொஞ்சம் முழிக்கும். மீதியெல்லாம், என்னமோ சத்தம் கேட்டுதேன்னு பொரண்டு படுத்துக்கிடும். அந்தப் பொரண்டு படுக்கிறவன்தாங்க்கா அடுத்த பஞ்சத்துக்குப் புல்லு.”

செல்லாத்தாள் மேற்கே திரும்பிப் பார்த்தாள். அந்த மண்ணுக்கு மேலே நிற்பது என்ன என்பது அவளுக்கு மட்டுமே முழுதாகத் தெரியும். “வேலியை வெட்டி எடுத்துட்டு, அடியில சருகைப் போட்டுக் கொளுத்துனா ஆவாதுங்களா?”

மிக்கேல் மறுத்துத் தலையசைத்தார். சருகுத் தீ கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். அந்தத் தோலை வெடிக்க வைக்காது. கிளுவையின் பிசின் நின்று எரியும், மேற்குக் காற்று அதைக் காட்டுக்குள்ளும் தள்ளும். வேலியடியில் கிடக்கும் விதைக்கு வேலிதான் விறகு.

முதலில் அனுமதிக்கு அலைந்தார்கள். மிக்கேல் மாசி மாதத்தில் மூன்று முறை கரட்டடிக்குப் போய்க் காவக்காரரிடம் விண்ணப்பித்தார். ஆய்வுக்காகத் தீ வேண்டும் என்றார்; அனுமதி இல்லை. மேய்ச்சலுக்காக என்றார், அனுமதி இல்லை. மூன்றாம் முறை இருபது பக்கத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டு போனார். விளக்கம் சிறப்பாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு, அனுமதி இல்லை என்றது கோபுரம்.

இதற்கு மேல் அவிநாசியிடம் மறைக்க முடியாது. செல்லாத்தாளே சொன்னாள். சாப்பாட்டுக்கு முன்பு சொன்னால் சாப்பிட மாட்டான், பின்பு சொன்னால் செரிக்காது என்று தயங்கி, கடைசியில் பால் கறந்துகொண்டிருக்கும்போது சொன்னாள். அவன் கறவையை நிறுத்தவில்லை. பதினோர் ஆண்டுகளாக அரசாங்கத்துக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டதைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. வேலியைக் கொளுத்த வேண்டும் என்பதும் அப்போதைக்கு அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அவனுக்கு வலித்தது வேறு.

“எனக்கு முன்னால அந்தக் கடக்கரைக்காரருகிட்டச் சொல்லீட்டயா?” என்று மட்டும் கேட்டான்.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பகல் முழுவதும் வேலியடியில் உட்கார்ந்திருந்தான். முதல் நாள், அவனுக்குச் சோறு கொண்டுபோனவள் தள்ளி நின்று பார்த்தாள். வழக்கமாக வேலியோடு ஓயாமல் பேசுகிறவன், அன்று வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாள், பின்னாலேயே மயிலைப் பசு வந்து நின்று அவன் துண்டை மென்றுகொண்டிருந்தது. தின்ன வேறொன்றும் இல்லை அதற்கு. அவன் பிடுங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நிலையத்துக்கு அவனே வந்தான். மிக்கேல் எழுந்து நின்றார். அவிநாசி உட்காரவில்லை.

“எரியறதுன்னு ஆயிப்போச்சுன்னா எரியட்டுமுங். மாடு நிக்கோணுமில்லீங்களா. ஆனா ஒண்ணு. குப்பையக் கொளுத்தற மாதிரி கொளுத்த உடமாட்டேன். எனக்குக் கூடப்பொறந்தது அவன் ஒருத்தந்தான். முறைப்படிதான் எடுக்கோணும். கோடித்துணி போட்டு, நாலு சனம் வந்து, நான் கொள்ளி வெக்கோணும். அப்படின்னாச் சரி.”

மிக்கேல் செல்லாத்தாளைப் பார்த்தார். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருந்தது.

தீயில்லா மண்டலம் பிறந்தபோது, மக்கள் அடுப்பை விட்டுக்கொடுத்தார்கள், கல்யாணத்து அக்கினியை விட்டுக்கொடுத்தார்கள். சாவுத் தீயை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கள் வீட்டு மனிதரை மின்பெட்டிக்குள் தள்ள மாட்டோம் என்று நான்கு மாவட்டங்கள் தெருவில் உட்கார்ந்தன. சட்டம் அந்த ஒரு தீக்கு வழி விட்டது. அடுத்த ஆண்டே இன்னொரு தகராறு வந்தது. சான்றிதழ் இல்லாத வளர்ப்புப் பிள்ளைகளையும், உறவு சொல்ல ஆளில்லாத கிழவர்களையும் எரிக்கக் கோபுரங்கள் மறுத்தன. மறுபடியும் தெருவில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு சட்டத்தின் வாசகம், ‘உறவு சொல்லி மூவர் தம்மவர் என்று ஏற்கும் எவருக்கும்’ என்று மாறியது. எழுதியவர்கள் மனிதரை நினைத்துத்தான் எழுதினார்கள். ஆனால் மனிதர் என்று எழுத மறந்துவிட்டார்கள்.

அவிநாசி இந்த வாசகத்தை எல்லாம் அறியமாட்டான். தன் தம்பிக்குச் செய்ய வேண்டியதைத்தான் அவன் கேட்டான்.

பங்குனி ஏழாம் நாள் முற்பகல் கிளுவங்காட்டுச் சனம் மேற்கு வேலியில் கூடியது. வந்தவர்கள் முதலில் என்ன முகத்தோடு நிற்பது என்று தெரியாமல் நின்றார்கள். அவிநாசி முகத்தைப் பார்த்த பிறகு தெரிந்துகொண்டார்கள். தட்டைத் தட்டி, குச்சியால் அலைத்து, வேலிக்குள் இருந்த குருவிகளையும் ஓணான்களையும் விரட்டினார்கள். காட்டின் மற்ற மூன்று பக்கத்து வேலியையும் ஒட்டி மண்ணை வெட்டி அகலமாகக் கரை போட்டிருந்தார்கள். தாய்மாமன் வழியில் யாரும் உயிரோடு இல்லாததால் மச்சான் முறைக்கு ஆள் இல்லை என்ற சிக்கல் எழுந்தது. செல்லாத்தாள் மிக்கேலை முன்னால் தள்ளினாள்.

“நான் என்னக்கா செய்யணும்?” என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். “எங்க ஊர்ல செபம் சொல்லுவோம்.”

“புதுத்துண்டு ஒண்ணு போர்த்துங், போதும். அழுகாச்சி வந்தா அழுங். செபமுஞ் சொல்லிக்கங், அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு.”

மிக்கேல் வேலியின் மேல் துண்டைப் போர்த்தினார். முள் பற்றி இழுத்தது. உதட்டை அசைத்து எதையோ சொன்னார். அழவும் செய்தார், அது வேலிக்காகவா, பதினோர் ஆண்டுகளுக்காகவா என்று யாரும் பிரித்துக் கேட்கவில்லை.

கரட்டடியில் காவக்காரரோடு பேசுவதற்கென்று ஒரு கம்பம் நடப்பட்டிருந்தது. அவிநாசி அதன் முன்னால் போய்க் கைகட்டி நின்றான். ஊரே பின்னால் நின்றது.

“இறந்தவர் பெயர்?” என்று கேட்டது கோபுரம்.

“பேருன்னு வெக்கலீங். கிளுவைன்னே கூப்புடறதுங்.”

“வயது?”

“அம்பத்தெட்டுங்.”

“உங்களுக்கு என்ன உறவு?”

“தம்பிங். நான் பொறந்த ஆறாம் நாள் எங்கய்யன் நட்டாருங்.”

“இறந்த நேரம்?”

அவிநாசிக்குப் பொய் வராது. செல்லாத்தாள் பின்னாலிருந்து அவன் சட்டையை இழுத்தாள். பயனில்லை.

“இன்னும் சாவலீங்” என்றான். “நான் தீ வெச்சாத்தானுங் சாவான்.”

கோபுரம் பேசவில்லை. கேள்வி முடியும் முன்பே பதில் சொல்லிப் பழகியது அது. இப்போது ஒரு மாடு இரண்டு முறை அசைபோடும் நேரம் கடந்தது; மூன்று முறை கடந்தது. கரட்டுக்கு அப்பால் பறக்கும் தொட்டிகள் கிளம்பும் ஓசை கேட்டது. அவ்வளவுதான், நனைத்துவிட்டுப் போகப்போகிறது என்று பலரும் துண்டால் தலையை மூடிக்கொண்டார்கள்.

“குடும்பத்தார் அவரைத் தம்மவர் என ஏற்கிறார்களா?”

“என்ற தம்பிங்” என்றான் அவிநாசி.

“எனக்குக் கொழுந்தனாருங்” என்றாள் செல்லாத்தாள். முப்பத்தாறு ஆண்டுகளாகக் கேலிக்குச் சொன்ன உறவு, உண்மையிலேயே அப்படித்தான் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

“மச்சான் மொற” என்றார் மிக்கேல்.

“மூவர் ஏற்பு பதிவாகியது. காற்று வடமேற்கிலிருந்து மெதுவாக வீசுகிறது. பிற்பகல் இரண்டு மணி வரை நேரம் உண்டு. குடும்பத்தாருக்கு ஆழ்ந்த இரங்கல்.”

தொட்டிகள் வந்தன. காட்டைச் சுற்றி, எல்லைக்கு ஒன்றாக அந்தரத்தில் அணிவகுத்து நின்றன. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அவிநாசி கொள்ளி வைத்தான். வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம்; பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்தான். ஊரில் பாதிப்பேர் தரையில் ஓடும் தீயை அன்றுதான் முதன்முறையாகக் கண்டார்கள். அது ஒரு பக்கம் ஆளுயரம் எழுந்தது. ஒரு பக்கம் தரையோடு தவழ்ந்தது. ஓரிடத்தில் கல்லைச் சுற்றிக்கொண்டு போனது. பிசின் உருகிய மணம் காடு முழுவதும் பரவியது. முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. செல்லாத்தாள் கடைசிப் புகை அடங்கும் வரை நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள். அவிநாசி ஈரத்தலையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

“எப்படிப் போச்சு?” என்றான்.

“சுளுவாப் போச்சுங். மொனகல்கூட இல்லை” என்றாள். அதன் பிறகு அவன் அழுதான்.

மூன்றாம் நாள் கோபுரம் ஓர் அறிவிப்பு அனுப்பியது. ஈமத்தீ மூண்ட நிலத்தில் ஓராண்டுக்கு மனிதரோ மாடோ நுழையக் கூடாது என்பது விதி. அவிநாசி சலித்துக்கொண்டான். புல் வந்தாலும் தன் மாடு மேய முடியாதா என்று கேட்டான். புல் விதை பிடித்துச் சிந்துவதற்கு அந்த ஓராண்டுதான் தேவை என்று மிக்கேல் எடுத்துச் சொன்னார். தான் எழுதிய இருபது பக்கத்தில் இந்த யோசனை ஓரிடத்திலும் இல்லை என்பதையும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

சித்திரைக் கோடை மழை ஒன்று பெய்தது. நான்காம் நாள் எதுவும் எழவில்லை. ஒன்பதாம் நாளும் இல்லை. பத்தாம் நாளை மிக்கேல் எண்ணாதவர்போல நடந்துகொண்டார். பன்னிரண்டாம் நாள், எல்லைக்கு வெளியே நின்று தூரக்கண்ணாடியால் பார்த்தவர், கண்ணாடியைச் செல்லாத்தாளிடம் கொடுத்தார். சாம்பலுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை தெரிந்தது. ஒழுங்கே இல்லை. ஓரிடத்தில் கொத்தாக இருந்தது, பக்கத்தில் வெறும் மண்ணாகக் கிடந்தது. நூற்றில் பத்துப் பன்னிரண்டுதான் விழித்திருக்கும். அதைச் சொல்லும்போது மிக்கேலின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தவர்கள், நூற்றுக்கு நூறு என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்த முப்பது நாள் மழையில்லை. வந்ததில் பாதி வாடியது. வைகாசியில் இன்னொரு மழை விழ, முதல் அழைப்பில் புரண்டு படுத்தவை சில, இப்போது எழுந்து வந்து இடைவெளியை நிரப்பின. ஆடியில் மந்தை வாரியத்து அதிகாரி வந்து வெளியே நின்றே அளந்தார். ஓர் ஏக்கருக்கு மேல் கால் ஏக்கர் கூடவே இருந்தது. கீழே மண்ணில் இன்னும் எத்தனை உறங்குகின்றன என்று மிக்கேல் சொல்லத் தொடங்கினார். அதிகாரி எழுதிக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டார். மாடுகள் தங்கின. அந்த ஆண்டு முழுவதும் ஊரார் ஆளுக்கு ஒரு கட்டாகக் கொடுத்த சோளத்தட்டையையும் வெள்வேலங்காயையும் தின்று, எலும்பு தெரிய, ஆனால் சொந்தக் கால்களில் திரும்பி நடந்துகொண்டு தங்கின. எரிந்த கிளுவை துளிர்க்கவில்லை. அவிநாசி வடக்கு வேலியிலிருந்து கொம்பு ஒடித்து வந்து, எல்லைக்கு இப்பால் வரிசையாக நட்டான். அவற்றோடு அவன் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

மறுவருடம் பங்குனி பிறந்தது. கரட்டடிக் கம்பத்தின் முன்னால் ஒரு காலையில் மூன்று பேர் நின்றார்கள். வழி தெரிந்தவள் என்பதால் செல்லாத்தாளையும் துணைக்குக் கூட்டிவந்திருந்தார்கள். மூவருடைய வேலியடியிலும், தீக்கு முன்பே மண்ணோடு அள்ளி வைத்திருந்த சோம்பேறி விதைகளைக் கடந்த கார்த்திகையில் தூவியிருந்தார் மிக்கேல்.

முதலாமவர் அத்தப்பன், தன் வேலி தனக்குப் பெரியப்பன் முறை, வயது எண்பது என்று பதிவு செய்தார். இரண்டாமவர் தன் வேலியை அண்ணன் என்றார், வயது அறுபத்து மூன்று. மூன்றாமவன் சென்னியப்பன். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் வேலி நட்டவன், அது இடுப்புயரம்கூட வரவில்லை. ஊரோடு ஒத்துப்போக வேண்டுமே என்று வந்திருந்தான். உறவு என்ன என்று கேட்டபோது, தரையைப் பார்த்துக்கொண்டு “மகனுங்” என்றான்.

கோபுரம் வழக்கம்போல் உடனே பதில் சொன்னது. ஆனால் செல்லாத்தாள் அதுவரை அதன் வாயால் கேட்டிராத பதில்.

“இந்தப் பங்குனிக்கு ஒருவர் போதும். மூத்தவருக்கு நேரம் குறித்துக்கொள்கிறேன். ஏனைய இருவரும் தங்கள் உறவினரோடு வீட்டுக்குப் போகலாம்.”

அண்ணன் என்றவருக்குச் சற்று ஏமாற்றம். சென்னியப்பன் மட்டும் நகராமல் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அப்ப என்ற பையனுக்கு இன்னும் நாளிருக்குதுங்களா?” என்றான்.

“இருக்கிறது” என்றது காவக்காரர். “நிறைய இருக்கிறது. தண்ணீர் மட்டும் கொஞ்சம் குறைவாக ஊற்றுகிறீர்கள். மேலிருந்து பார்க்கிறேன்.”